சிசுவின் குடலும் பெரியவரின் குடலும்: நல்ல பக்டீரியா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளினிக் வாங்கில் பிள்ளையோடு காத்திருக்கும் தாய் முதல் தயிர்ச்சட்டியோடு வீட்டுக்கு வரும் அம்மம்மா வரை, திருகோணமலையில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள் இவை. ஒரு வரியில் முடிவனவற்றை ஒரு வரியிலேயே விட்டிருக்கிறோம்.

பெரியவருக்கு நல்ல பக்டீரியா என்றால் பிள்ளைக்கும் நல்லதுதானே?

இல்லை. பாதிக் குழப்பம் இந்த எண்ணத்திலிருந்துதான் வருகிறது.

70 கிலோ எடையுள்ள ஒரு மனிதரின் உடம்பில் ஏறத்தாழ 38 இலட்சம் கோடி பக்டீரியாக்கள் இருப்பதாக 2016இல் கணக்கிட்டார்கள். எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்தால் 200 கிராம் வரும். அவற்றில் பெரும்பங்கு பெருங்குடலில்தான் இருக்கிறது. நூற்றுக்கணக்கான இனங்கள், ஆளுக்கொரு வேலை. சோற்றின் மிச்ச மாப்பொருளை உடைப்பது ஒன்று, கீரை நாரை உடைப்பது இன்னொன்று, அவை கழித்துவிட்டதைத் தின்று பிழைப்பது வேறொன்று. திருகோணமலை மத்திய சந்தையை நினைத்துக்கொள்ளுங்கள்.

பால்குடிப் பிள்ளையின் குடலோ ஒரேயொரு சரக்கு விற்கும் கடை. பிபிடோபக்டீரியம் என்ற ஒரு குடும்பமே பல பிள்ளைகளில் பாதிக்கு மேல் இடத்தைப் பிடித்திருக்கும்; சிலரில் பத்தில் ஒன்பது பங்குகூட. அதே குடும்பம் பெரியவரிடம் பெரும்பாலும் நூற்றில் சில பங்குதான். எனவே ஒரே மாதிரியான சோதனை முடிவை இரண்டு விதமாக வாசிக்க வேண்டும். இனங்கள் குறைவாக இருப்பது தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு நல்ல செய்தி. ஐம்பது வயதுக்காரருக்கு அது கவலைக்குரிய செய்தி.

அந்த பிபிடோபக்டீரியத்திலும் வகை உண்டா?

உண்டு. குடும்பப் பெயர் ஒன்றானாலும் ஆட்கள் வேறு. பிள்ளையிடம் அதிகம் இருப்பவை இன்ஃபன்ரிஸ், பிரெவே, பிஃபிடம். பெரியவரிடம் அடொலசென்ரிஸ், லோங்கம் போன்றவை. முதற் கூட்டம் தாய்ப்பாலின் சர்க்கரையில் வாழும். இரண்டாவது கூட்டம் தாவர உணவில் வாழும். வளர்ந்தவர் வாங்கும் மாத்திரைப் போத்தலில் ‘பிபிடோ’ என்று எழுதியிருப்பதால் அதைப் பிள்ளைக்கும் உடைத்துக் கொடுக்கலாம் என்று நினைப்பது இதனால்தான் தவறு.

இந்த பக்டீரியாவை முதலில் கண்டவர் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் வேலை செய்த ஹென்றி திசியே. 1899 அளவில், தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் மலத்தில் கண்டார். நுணுக்குக்காட்டியில் கவட்டைக் கம்பு மாதிரி இரண்டாகப் பிரிந்து தெரிந்ததால் ‘பிஃபிட்’ என்ற பெயர் வந்தது.

பிறந்தவுடன் குடலுக்குள் முதலில் நுழைவது யார்?

பிராணவாயு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாழத் தெரிந்தவை: ஈ.கோலை வகையினம், என்ரரோகொக்கஸ், ஸ்ரபிலோகொக்கஸ். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். பிறந்த நேரத்தில் குடலில் கொஞ்சம் பிராணவாயு இருக்கிறது. இவை அதைத் தின்று முடித்த பிறகுதான், பிராணவாயு பட்டாலே வாழ முடியாத பிபிடோவும் பக்றீரொயிடிசும் குடியேறலாம். முதல் சில நாட்கள் நிலம் திருத்தும் வேலை நடக்கிறது.

விதை பெரும்பாலும் தாயின் குடலிலிருந்தும் பிறப்புப் பாதையிலிருந்தும் தோலிலிருந்தும் பாலிலிருந்தும் வருகிறது. பிறந்து ஒரு மணித்தியாலத்துக்குள் பிள்ளையைத் தாயின் நெஞ்சில் வெறுந்தோலோடு கிடத்திப் பால் கொடுக்கச் சொல்வதற்கு உள்ள காரணங்களில் இதுவும் ஒன்று.

தாய்ப்பாலில் அப்படி என்னதான் இருக்கிறது?

தாய்ப்பாலின் திண்மப் பொருட்களில் முதலிடம் இலக்ரோசுக்கு, லீற்றருக்கு ஏறத்தாழ 70 கிராம். அடுத்தது கொழுப்பு, 40 கிராம் அளவில். மூன்றாமிடத்தில் இருப்பதைப் பிள்ளையால் செரிக்கவே முடியாது. அதைத் தாய்ப்பால் ஒலிகோசக்கரைட்டு என்பார்கள். சிறு சிறு சர்க்கரைச் சங்கிலிகள். லீற்றருக்கு 5 முதல் 15 கிராம் வரை, சீம்பாலில் 20 கிராமுக்கும் மேல். ஏறத்தாழ 200 வடிவங்களைப் பிரித்துக் கண்டிருக்கிறார்கள்.

பிள்ளையால் செரிக்க முடியாத ஒன்றைத் தாயின் உடம்பு ஏன் இவ்வளவு பாடுபட்டுச் செய்கிறது? அது பிள்ளைக்கல்ல, பிள்ளையின் பக்டீரியாவுக்குப் போடும் சோறு. சிறுகுடலைத் தாண்டி அப்படியே பெருங்குடலுக்குப் போகிறது. இன்ஃபன்ரிஸ் வகையின் மரபணுத் தொகுதியை 2008இல் முழுதாக வாசித்தபோது, இந்தச் சங்கிலிகளை உள்ளே இழுத்து வெட்டித் தின்பதற்கென்றே ஒரு பெரிய மரபணுக் கூட்டம் அதில் இருந்தது.

தின்ற பிறகு அது வெளிவிடுவது அசற்றிக் அமிலமும் இலக்ரிக் அமிலமும். அதனால் தாய்ப்பால் குடிக்கும் பிள்ளையின் மலம் புளிப்பாக இருக்கும்; பிஎச் (புளிப்பின் அளவு, எண் குறைந்தால் புளிப்புக் கூட) 5 முதல் 5.5 வரை. அந்தப் புளிப்பில் வயிற்றோட்டக் கிருமிகள் பல தலையெடுக்கா. பெரியவரின் மலம் 6 முதல் 7 வரை இருக்கும். அங்கே நடக்கும் வேலையே வேறு. பெரியவரின் பக்டீரியா நாரைத் தின்று பியூற்றிரேற் என்ற அமிலத்தைச் செய்கின்றன. பெருங்குடல் சுவரின் உயிரணுக்கள் தமக்கு வேண்டிய சக்தியில் ஏறத்தாழ 70 வீதத்தை அதிலிருந்துதான் எடுக்கின்றன. பால்குடிப் பிள்ளையின் குடலில் பியூற்றிரேற் மிகக் குறைவு, அந்த வயதுக்கு அது குறையுமல்ல.

இலங்கையில் இந்த விடயம் பெரும்பாலும் ஒழுங்காகவே நடக்கிறது. 2016ஆம் ஆண்டு குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளில் 82 வீதத்தினர் தாய்ப்பால் மட்டுமே குடித்தார்கள்.

பால்மா குடிக்கும் பிள்ளையின் நிலை என்ன?

பிபிடோ குறைவாகவும் மற்ற இனங்கள் கூடுதலாகவும் இருக்கும். அதாவது வயதுக்கு முந்திப் பெரியவர் குடலைப் போலத் தெரியும். சில பால்மாக்களில் தாய்ப்பால் சர்க்கரையின் ஓரிரு வடிவங்களை ஆலையில் செய்து சேர்க்கிறார்கள். இருநூறில் ஒன்றிரண்டு, இல்லாததைவிட மேல், ஆனால் விளம்பரம் சொல்லும் அளவுக்கு இல்லை.

‘புரோபயோட்டிக் சேர்த்தது’, அதாவது உயிருள்ள நல்ல பக்டீரியா சேர்த்தது, என்று ரின்னில் எழுதியிருந்தால் ஒரு சிக்கல் உண்டு. பால்மாத்தூள் கிருமியற்ற பொருள் அல்ல. குரோனோபக்டர் என்ற ஆபத்தான கிருமி அதில் இருக்கக்கூடும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 70 பாகை செல்சியசுக்குக் குறையாத நீரில் கரைக்கச் சொல்கிறது. கொதித்து இறக்கிய நீரை அரை மணித்தியாலத்துக்கு மேல் வைக்காமல் பாவித்தால் அந்தச் சூடு இருக்கும். அதே சூட்டில் சேர்த்த நல்ல பக்டீரியாவும் செத்துவிடும். இளஞ்சூட்டு நீரில் கரைத்தால் நல்லதும் பிழைக்கும், கெட்டதும் பிழைக்கும். இரண்டு மாதத்துக்குக் குறைந்த பிள்ளை, குறைமாதப் பிள்ளை, நோயாளிப் பிள்ளை என்றால் யோசிக்கவே வேண்டாம்: 70 பாகைதான். கரைத்தபின் போத்தலைக் குளிர்நீரில் பிடித்து ஆற்றி, மணிக்கட்டில் ஒரு துளி விட்டுப் பார்த்துக் கொடுங்கள். இரண்டு மணித்தியாலத்துக்குள் குடிக்காததை ஊற்றிவிடுங்கள்.

வேலைக்குப் போகிறேன். பீச்சி வைத்த தாய்ப்பால் எவ்வளவு நேரம் தாங்கும்?

புத்தகத்தில் நான்கு மணித்தியாலம் என்று இருக்கும். அது அறை வெப்பம் 25 பாகையைத் தாண்டாத இடத்துக்கு. இங்கே கச்சான் காற்று வீசும் மாதங்களில் வீட்டுக்குள்ளேயே 30க்கு மேல். எனவே மேசையில் வைக்கும் கணக்கே வேண்டாம்; பீச்சியவுடன் மூடிக் குளிர்சாதனப் பெட்டியின் உள்பக்கம் வையுங்கள், கதவுத் தட்டில் அல்ல. நான்கு நாள் வரை இருக்கும். மின்சாரம் நின்றுபோனால் நாள் கணக்கை நம்பவேண்டாம். சூடாக்குவது வெந்நீர்ப் பாத்திரத்தில் இறக்கி. அடுப்பில் கொதிக்க வைத்தால் பாலின் காப்புப் புரதங்கள் கெடும்.

சிசேரியன் பிள்ளைக்கு நல்ல பக்டீரியா வராதா?

பிந்தி வரும். பிரித்தானியாவில் ஏறத்தாழ 600 குழந்தைகளைப் பார்த்து 2019இல் வெளியான ஆய்வில், சிசேரியன் பிள்ளைகளிடம் பக்றீரொயிடிஸ் குறைவாகவும், வைத்தியசாலைச் சூழலில் காணப்படும் என்ரரோகொக்கஸ், கிளெப்சியெல்லா கூடுதலாகவும் இருந்தன. மாதங்கள் போகப்போக வேறுபாடு பெரும்பாலும் சுருங்கியது. தாய்க்குச் சத்திரசிகிச்சைக்கு முன் கொடுக்கும் அன்டிபயோட்டிக்கும், முதற்பால் தாமதமாவதும் இதில் சேர்ந்த காரணங்கள்.

நீங்கள் செய்யக்கூடியது: தாய் கண்விழித்தவுடன் பிள்ளையை நெஞ்சில் வைக்கக் கேளுங்கள், பால் வரவில்லை என்று முதல் நாளே பால்மாவுக்குப் போகாதீர்கள். முதல் நாள் பிள்ளையின் இரைப்பை ஒரு வேளைக்குச் சில தேக்கரண்டிச் சீம்பாலுக்கு மேல் கேட்காது. தாயின் பிறப்புப் பாதை நீரைத் துணியில் ஒற்றிப் பிள்ளைக்குத் தடவுவது பற்றி இணையத்தில் வாசித்திருப்பீர்கள். வீட்டில் செய்யவே வேண்டாம். கிருமித் தொற்றும் அதே துணியில் போகும்.

மலத்தின் நிறமும் மணமும் ஏன் இவ்வளவு வேறு?

இது பக்டீரியாவின் கைவேலை. ஈரல் கழிக்கும் பிலிருபின் மஞ்சள் நிறமானது. பெரியவர் குடலின் பக்டீரியா அதை யூரோபிலினோஜன் ஆக்கி, கடைசியில் கபில நிறப் பொருளாக மாற்றுகின்றன. இந்த வேலையைச் செய்யும் நொதியத்தை 2024இல்தான் அடையாளம் கண்டார்கள். பிறந்து சில மாதங்கள் வரை பல பிள்ளைகளின் குடலில் இந்த நொதியம் உள்ள பக்டீரியா இல்லை. ஆகவே பிள்ளையின் மலம் கடுகு மஞ்சளாகவே இருக்கிறது. மாறாத பிலிருபினின் ஒரு பகுதி மீண்டும் இரத்தத்துக்குள் போகிறது. பிறந்த பிள்ளைகளுக்கு மஞ்சள் காணுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

மணமும் அப்படித்தான். பெரியவர் குடலில் புரதம் அழுகி இன்டோல், ஸ்கற்றோல், கந்தக வாயு உண்டாகும். தாய்ப்பால் மலம் மோர் புளித்த மாதிரித்தான் மணக்கும். மாவோ பருப்போ தொடங்கிய வாரமே அந்த மணம் மாறுவதைத் துணி துவைப்பவர் முதலில் அறிவார்.

முதல் இரண்டு மூன்று நாள் கரும்பச்சை. பிறகு மஞ்சள். ஆறு வாரம் தாண்டிய, தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளை நான்கைந்து நாள், சிலவேளை ஒரு வாரம்கூட, மலம் போகாமல் இருந்து பிறகு இலகுவாகப் போனால் அது மலச்சிக்கல் அல்ல. ஆனால் மலம் வெண்மையாக, சுண்ணாம்புக் கட்டி போலப் போனால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். பித்தநாளம் அடைபட்டிருக்கலாம், அதற்கான சத்திரசிகிச்சை பிறந்து 60 நாளுக்குள் நடந்தால் பலன் கூட.

பிறந்த பிள்ளையின் நாவில் தேன் தொட்டு வைக்கலாமா?

ஒரு வயது வரை கூடாது. இரண்டு குடல்களுக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் கிடையாது.

தேனில் குளோஸ்ரிடியம் பொட்டுலினம் என்ற பக்டீரியாவின் வித்திகள் இருக்கலாம். காட்டுத் தேன், கடைத் தேன், காய்ச்சிய தேன் எல்லாம் ஒன்றுதான். வீட்டு அடுப்பின் சூட்டுக்கு வித்தி சாகாது. பெரியவர் தினமும் அவற்றை விழுங்கினாலும் ஒன்றுமில்லை. குடலில் ஏற்கெனவே இருக்கும் கூட்டம் இடம் கொடுக்காது, வித்தி முளைக்காமல் வெளியேறிவிடும். பிள்ளையின் குடலில் அந்தக் கூட்டம் இன்னும் கூடவில்லை. வித்தி முளைக்கும், நஞ்சு சுரக்கும், நரம்புகள் தளரும். முதல் அறிகுறி மலச்சிக்கல். பிறகு பால் இழுக்கும் பலம் குறையும், அழுகை மெலியும், தலை தொய்யும், இமை சரியும். இப்படிக் கண்டால் நேரே வைத்தியசாலை. இந்நோயை 1976இல்தான் தனி நோயாக அறிந்தார்கள். ‘எங்கள் காலத்தில் கொடுத்தோமே’ என்ற பேச்சுக்கு அது ஒரு பதில்.

சடங்கை விட மனமில்லாதவர்கள், தேனுக்குப் பதில் தாய்ப்பாலில் தொட்டு வைக்கிறார்கள். அது போதும்.

அதற்கு எதிர்மாறாக, பிள்ளைக்குச் சும்மா இருந்து பெரியவரைத் தாக்கும் பக்டீரியா உண்டா?

உண்டு, குளோஸ்ரிடியொயிடிஸ் டிஃபிசிலே. ஆரோக்கியமான பல குழந்தைகள் இதை ஒரு நோயுமில்லாமல் வயிற்றில் சுமக்கிறார்கள். அன்டிபயோட்டிக் குடித்து நல்ல கூட்டம் அழிந்துபோன பெரியவரிடம், குறிப்பாக முதியவரிடம், அதே பக்டீரியா கடும் வயிற்றோட்டத்தை உண்டாக்கும். எனவே பிள்ளையின் மலத்தில் அதைக் கண்டோம் என்று யாராவது சொன்னால், அது மட்டும் மருந்து தொடங்கக் காரணமல்ல.

வசம்பு, கிரைப் வாட்டர், சீனித் தண்ணீர்?

ஆறு மாதம் வரை மூன்றும் வேண்டாம். சீனித் தண்ணீர் பால் குடிக்கும் ஆசையைக் குறைக்கும்; கழுவிய கையும் கரண்டியும் இல்லாவிட்டால் வேண்டாத கிருமியை முதலில் குடியேற்றும். வசம்பில் உள்ள அசரோன் ஈரலுக்கு நல்லதல்ல. ‘பிள்ளை வளர்ப்பான்’ என்ற பெயர் அதற்கு இருக்கிறது. பெயரை வைத்து மருந்து கொடுப்பதில்லை. வயிறு முறுகிப் பிள்ளை மாலையில் அழுதால், தோளில் போட்டு ஏவறை எடுப்பியுங்கள், வயிற்றில் கடிகார முள் சுற்றும் பக்கமாகத் தடவுங்கள்.

எத்தனை வயதில் குடல் ‘பெரியவர் குடல்’ ஆகிறது?

ஏறத்தாழ மூன்று வயதில். பிறந்தநாள் கணக்கல்ல, சாப்பாட்டுக் கணக்கு. முதல் திண்ம உணவு உள்ளே போன நாளிலிருந்து மாற்றம் தொடங்கும். தாய்ப்பால் நிற்கும்போது பெரிய மாற்றம் நடக்கும். பியூற்றிரேற் செய்யும் ஃபீகலிபக்றீரியம், ரோசெபூரியா போன்றவை அப்போதுதான் ஆளாகின்றன.

மாற்றம் நடக்காமல் போவதும் உண்டு. வங்காளதேசத்தில் போசாக்குக் குறைந்த பிள்ளைகளைப் பார்த்தபோது, அவர்களின் குடல் பக்டீரியா வயதுக்குரிய வளர்ச்சி இல்லாமல் பின்தங்கி நின்றது 2014இல் தெரியவந்தது. சும்மா சாப்பாட்டைக் கூட்டினால் எடை கொஞ்சம் ஏறியது, பக்டீரியா பழையபடி. பிறகு கொண்டைக்கடலை மா, சோயா மா, கச்சான், பச்சை வாழைக்காய் நான்கையும் அடிப்படையாக வைத்து ஓர் உணவு செய்தார்கள். 2021இல் வெளியான முடிவில், டாக்காவின் மிர்பூரில் 12 முதல் 18 மாதப் பிள்ளைகளுக்கு மூன்று மாதம் கொடுத்ததில், அதைவிடச் சக்தி கூடிய வழமையான போசாக்கு உணவை இது எடை ஏற்றத்தில் மிஞ்சியது. நான்கும் மூதூர்ச் சந்தையிலும் கிண்ணியாக் கடையிலும் கிடைக்கும் பொருட்கள். ஆய்வுக்கான உணவில் உயிர்ச்சத்தும் கனியுப்பும் அளந்து சேர்த்திருந்தார்கள். வீட்டில் அப்படியே ஆக்கிவிட முடியாது. ஆனால் எந்தத் திசையில் போகவேண்டும் என்பது தெரிகிறது.

ஆறு மாதம் முடிந்தால் என்னென்ன, எவ்வளவு?

முதல் வாரம் இரண்டு மூன்று மேசைக்கரண்டி, நாளுக்கு இரு வேளை. கரண்டியைச் சரித்தால் உடனே ஒழுகாத தடிப்பில். கஞ்சித்தண்ணீராகக் கரைத்தால் வயிறு நிறையும், சத்துப் போகாது. எட்டு மாதம் வரை 250 மில்லிலீற்றர் கோப்பையில் அரைக் கோப்பை, இரண்டு மூன்று வேளை. ஒன்பது மாதத்திலிருந்து அதே அரைக் கோப்பை மூன்று நான்கு வேளை. ஒரு வயதுக்குப் பின் முக்கால் முதல் ஒரு கோப்பை. தாய்ப்பால் இரண்டு வயதுக்கும் அப்பாலும் தொடரலாம்.

சோற்றோடு மசித்த பருப்பு, பயறு, பூசணி, வற்றாளங்கிழங்கு, கதலி அல்லது இதரை வாழைப்பழம், குரக்கன், முருங்கை இலை, முட்டை, முள்ளெடுத்த மீன். ஒரு தடவைக்கு ஒரு புதிய பொருள். மூன்று நாள் பார்த்து அடுத்தது. பருப்பு வகைகளை ஊறவைத்து அந்த நீரை ஊற்றிவிட்டுப் புது நீரில் அவித்தால் வயிறு ஊதுவது குறையும். தவிடும் உமியும் கூடிய மாவை இந்த வயதில் நிறையச் சேர்க்காதீர்கள். சின்ன இரைப்பையை நார் நிரப்பிவிடும், நெய்க்கும் முட்டைக்கும் இடமிராது. பெரியவருக்குச் சொல்லும் ‘நார் கூட்டு’ என்ற அறிவுரை இங்கே பிழையாகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டல் 2 முதல் 5 வயது வரை நாளுக்கு 15 கிராம் நார், 10 வயதிலிருந்து 25 கிராம் என்கிறது.

தம்பலகாமத்து எருமைத் தயிர் பிள்ளைக்குக் கொடுக்கலாமா? அதன் பக்டீரியா குடலில் தங்குமா?

தங்காது. தயிர் பக்டீரியா விருந்தாளிகள். சாப்பிடும் நாட்களில் இருக்கும், நிறுத்தினால் போய்விடும். ஆனாலும் விருந்தாளி வேலை செய்துவிட்டுத்தான் போகிறது. வளர்ந்தவர் பலருக்குப் பால் குடித்தால் வயிறு ஊதும். இலக்ரோசை உடைக்கும் நொதியம் வயதோடு குறைவதால் அப்படி. உயிருள்ள தயிரின் பக்டீரியா அந்த நொதியத்தைத் தாமே கொண்டுவருவதால் தயிர் ஒத்துக்கொள்ளும். பால்குடிப் பிள்ளையிடம் அந்த நொதியம் தாராளமாக இருப்பதால் அவனுக்கு இந்தப் பயன் தேவையில்லை.

ஆறு மாதத்துக்குப் பின் ஓரிரு தேக்கரண்டி, சீனியும் பாணியும் இல்லாமல், சோற்றில் பிசைந்து கொடுக்கலாம். பசுப்பாலையோ எருமைப்பாலையோ முதன்மைப் பாலாகக் கொடுப்பது ஒரு வயதுக்குப் பிறகு மட்டும். சட்டித் தயிர் வாங்கினால், பால் காய்ச்சப்பட்டதா என்று கேளுங்கள். பிள்ளைக்கென்றால் வீட்டில் செய்வதே மேல்: பாலைப் பொங்கக் காய்ச்சி, விரல் தாங்கும் சூட்டுக்கு, 40 முதல் 43 பாகைக்கு, ஆறவிட்டு, லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி உறை விட்டு, ஆறு முதல் எட்டு மணித்தியாலம் அசைக்காமல் வையுங்கள். சூடு 50ஐத் தாண்டியபோது உறை விட்டால் பக்டீரியா சாகும், பால் பாலாகவே இருக்கும். நன்றாக ஆறிப்போனபின் விட்டால் மற்றக் கிருமிகள் முந்திக்கொள்ளும். நூல் விடும் வழுவழுத் தயிர் அப்படி வருவதுதான். பழைய சட்டியைச் சரியாகக் கழுவாததும் அதே கோலத்தைத் தரும்.

பழஞ்சோறு?

பெரியவருக்கு நல்லது. சோறு ஆறும்போது மாப்பொருளின் ஒரு பகுதி சிறுகுடலில் செரிக்காத வடிவத்துக்கு மாறுகிறது. அது பெருங்குடலுக்குப் போய் பியூற்றிரேற் செய்யும் பக்டீரியாவுக்குத் தீனியாகிறது. இரவில் ஊறும்போது இலக்ரிக் அமில பக்டீரியாவும் பெருகும்.

ஒரு எச்சரிக்கை. சோற்றில் பசிலஸ் சீரியஸ் வித்தி இருக்கும், அவித்தாலும் சாகாது. வெப்பமான பானையில் மூடி மணிக்கணக்கில் வைத்தால் முளைத்து நஞ்சு விடும். அந்த நஞ்சு மீண்டும் கொதிக்க வைத்தாலும் போகாது. இரவுச் சோற்றைப் பரப்பி ஒரு மணித்தியாலத்துக்குள் ஆற்றி, கொதித்தாறிய நீர் விட்டு மூடுங்கள். காலையிலேயே சாப்பிட்டு முடியுங்கள். வழுவழுப்போ கெட்ட மணமோ இருந்தால் கொட்டிவிடுங்கள். சின்னப் பிள்ளைக்கு, கர்ப்பிணிக்கு இது வேண்டாம்.

பெரியவர் என்ன சாப்பிட்டால் தன் பக்டீரியாவைக் காப்பாற்றலாம்?

விதவிதமான தாவர உணவு. அவித்த பயறு, பருப்பு, கடலை 100 கிராமில் 7 முதல் 8 கிராம் வரை நார் உண்டு. கொய்யாவில் 5 கிராம். வெள்ளைச் சோற்றில் அரைக் கிராம்கூட இல்லை. ஒரு சிறு கோப்பை அவித்த பயறோடு காலை தொடங்கினாலே நாளுக்கு வேண்டிய 25 கிராமில் பாதி நெருங்கிவிடும். மதியம் தவிடு தீட்டாத சிவப்பரிசி, ஒரு கீரைச்சுண்டல், இரவு குரக்கன் புட்டு, நடுவில் ஒரு கொய்யா. வெங்காயமும் உள்ளியும் பக்டீரியாவுக்கு மிகப் பிடித்த சர்க்கரைச் சங்கிலிகளைக் கொண்டவை; அவை தாய்ப்பாலின் சங்கிலிகளைப் போன்ற வேலையைப் பெரியவர் குடலில் செய்கின்றன என்று சொல்லலாம்.

ஒரே நாளில் கூட்டாதீர்கள். பக்டீரியாக் கூட்டம் உணவு மாற்றத்துக்குச் சில நாட்களிலேயே பதில் சொல்லும். அந்தப் பதில் முதலில் வாயுவாகத்தான் வரும். இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாகக் கூட்டி, தண்ணீரையும் கூட்டுங்கள். இல்லாவிட்டால் நார் மலச்சிக்கலையே தரும்.

அன்டிபயோட்டிக் குடித்தபின் எல்லாம் அழிந்துவிடுமா?

பெரியவரில் பெரும்பாலும் மீளும். டென்மார்க்கில் 12 ஆரோக்கியமான ஆண்களுக்கு நான்கு நாள் மூன்று வீரியமான அன்டிபயோட்டிக் கொடுத்துப் பார்த்து 2018இல் எழுதினார்கள்: ஒன்றரை மாதத்தில் கூட்டம் ஏறத்தாழ பழைய நிலைக்கு வந்தது, ஆனால் முன்பு எல்லோரிடமும் இருந்த 9 இனங்கள் ஆறு மாதத்துக்குப் பிறகும் பெரும்பாலானோரிடம் காணவில்லை. பிள்ளைக்கு மீளப் ‘பழைய நிலை’ என்று ஒன்று இன்னும் உருவாகியே இருக்காது. அதனால்தான் தடிமனுக்கும் சாதாரண வயிற்றோட்டத்துக்கும் அன்டிபயோட்டிக் கேட்டு டொக்டரை வற்புறுத்த வேண்டாம் என்கிறோம். இரண்டும் பெரும்பாலும் வைரசு. தேவையான இடத்தில் மறுக்கவும் வேண்டாம். பிறந்த பிள்ளையின் இரத்தத் தொற்றுக்கு முன்னால் குடல் பக்டீரியா இரண்டாம்பட்சம். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள்.

அதே 2018இல் இஸ்ரேலில் வெளியான ஆய்வு ஒன்று பலருக்கு எதிர்பாராதது. அன்டிபயோட்டிக்குக்குப் பின் புரோபயோட்டிக் எடுத்த பெரியவர்களின் சொந்தக் கூட்டம், ஒன்றும் எடுக்காதவர்களுடையதைவிடத் தாமதமாகவே திரும்பியது.

அப்படியானால் புரோபயோட்டிக் துளிகள் வீணா?

எந்த வகை, யாருக்கு, எதற்கு என்ற மூன்றையும் கேட்காமல் பதில் சொல்ல முடியாது. ஒடிசாவில் 4,556 பிறந்த குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வில், பிளான்ராரம் என்ற நல்ல பக்டீரியாவின் ஒரு குறிப்பிட்ட வகையை அதன் தீனியோடு ஏழு நாள் கொடுத்தபோது, இரத்தத் தொற்றும் மரணமும் சேர்ந்து 9 வீதத்திலிருந்து 5.4 வீதமாகக் குறைந்தன, 2017இல் வெளியானது. தாய்ப்பால் குடிக்கும் பிள்ளையின் வயிற்று முறுகலுக்கு ரொய்ற்றரி என்ற பக்டீரியாவின் வகை ஒன்று கொஞ்சம் உதவுகிறது. பால்மாப் பிள்ளையில் அந்தப் பயன் தெளிவில்லை. மறுபக்கம், பிள்ளைகளின் வயிற்றோட்டத்துக்கு அமெரிக்காவிலும் கனடாவிலும் நடத்தி 2018இல் வெளியான இரு பெரிய ஆய்வுகளில் புரோபயோட்டிக் பயன் தரவில்லை.

குறைமாதப் பிள்ளைக்கு வீட்டாராக ஒருபோதும் கொடுக்கக்கூடாது. அந்தப் பிள்ளையின் குடற்சுவர் மெல்லியது; நல்ல பக்டீரியாவே இரத்தத்துக்குள் போகலாம். இப்படி ஒரு மரணத்துக்குப் பின் 2023இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது.

பிள்ளைக்கு வயிற்றோட்டம். தயிரா, மருந்தா?

முதலில் ஜீவனி என்ற உப்புச் சீனிக் கரைசல் தூள். பைக்கற்றில் எழுதிய அளவுக்குக் கொதித்தாறிய நீரை அளந்து கரைத்து, 24 மணித்தியாலத்துக்குள் முடியுங்கள், மிச்சத்தை ஊற்றிவிடுங்கள். நீரைக் குறைத்தால் உப்புக் கூடி ஆபத்து, கூட்டினால் பயனில்லை, சீனி சேர்த்தால் ஓட்டம் கூடும். ஒவ்வொரு தடவை போனபின்பும் இரண்டு வயதுக்குக் குறைந்தவருக்கு 50 முதல் 100 மில்லிலீற்றர், அதற்கு மேல் பத்து வயது வரை 100 முதல் 200. கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக. தாய்ப்பால் தொடரட்டும். சிங்க் மருந்து ஆறு மாதத்துக்குக் கீழே 10, மேலே 20 மில்லிகிராம், ஓட்டம் நின்றாலும் 10 முதல் 14 நாள் வரை; வைத்தியரிடமோ கிளினிக்கிலோ கேட்டுத் தொடங்குங்கள். ஓட்டத்தைக் கட்டும் மாத்திரை பிள்ளைக்குக் கூடாது.

இரத்தம் போனால், கண் குழிந்தால், குடிக்க மறுத்தால், தூங்கித் தூங்கி விழுந்தால், ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் இல்லாவிட்டால் அம்புலன்ஸ் இலக்கம் 1990ஐ அழையுங்கள்.

பணம் கட்டி மலப் பரிசோதனை செய்து எந்த பக்டீரியா குறைவு என்று பார்க்கலாமா?

பார்க்கலாம், பார்த்து ஒன்றும் செய்வதற்கில்லை. ஆளுக்கு ஆள், வாரத்துக்கு வாரம் மாறும் ஒன்றுக்கு ‘சரியான அளவு’ என்று எவரும் வரையறுக்கவில்லை. அதிலும் பெரியவரின் அளவுகோலை வைத்துப் பிள்ளையின் அறிக்கையில் ‘இனங்கள் போதாது’ என்று சிவப்பு மையில் வரும். ஆறு மாதப் பிள்ளையிடம் அது இருக்க வேண்டிய நிலை.

ஒவ்வொரு மாதமும் கிளினிக் கொப்பியில் ஏறும் எடைக் கோடு இலவசம்.